பழைய ஆம்ப்ளிஃபையரை மறுபடி பாட வைக்க: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்று கைக்கு வந்ததும் எல்லோருக்கும் முதலில் வரும் ஆசை, பிளக்கைச் செருகிப் பாட்டு வருகிறதா என்று பார்ப்பதுதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பரணில் வருடக்கணக்கில் கிடந்த பெட்டிக்குள் என்ன நிலைமை என்று தெரியாமல் 230 வோல்ட்டை நேரடியாகக் கொடுத்தால், சின்னக் கோளாறு பெரிய கோளாறாகிவிடும். ஒரு சாதாரண கெப்பாசிட்டரை மாற்றினால் சரியாகியிருக்க வேண்டிய இடத்தில், இன்று எந்தக் கடையிலும் கிடைக்காத டிரான்ஸ்ஃபார்மர் கருகிப்போகும்.

இந்தக் கட்டுரை 1970கள், 80களில் வந்த டிரான்சிஸ்டர் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர்களைப் பற்றியது. சேனலுக்கு 20 முதல் 40 வாட் தரும் ஜப்பானிய சான்சுய், பயனியர், யமஹா, நம் ஊரில் ஓடிய காஸ்மிக், கொல்கத்தாவின் சோனோடைன் போன்றவை. வால்வு ஆம்ப்ளிஃபையர்களை முதல் வேலையாக எடுக்க வேண்டாம். அவற்றுக்குள் 300, 400 வோல்ட் டிசி சாதாரணமாக இருக்கும். கை தவறினால் உயிர் போகும். டிரான்சிஸ்டர் செட்டிலும் மெயின்ஸ் பகுதி அதே அளவு ஆபத்துதான், ஆனால் அதைத் தாண்டிய உள்பகுதி பெரும்பாலும் 25 முதல் 45 வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். பழகுவதற்கு அது ஏற்றது.

4440 ஐசி போர்டு வாங்கி வீட்டிலேயே ஆம்ப்ளிஃபையர் அசெம்பிள் செய்தவர்கள் நம்மிடம் நிறையப் பேர். அந்தப் பழக்கம் இங்கே கைகொடுக்கும். ஒரு வித்தியாசத்தை மட்டும் மனதில் வையுங்கள். 4440 போர்டு ஒற்றை 12 வோல்ட் சப்ளையில் ஓடும். இந்தப் பழைய செட்டுகளில் பெரும்பாலும் கிரவுண்டுக்கு மேலே பிளஸ், கீழே மைனஸ் என இரண்டு சப்ளை உண்டு. ஸ்பீக்கர் கம்பி இரண்டுக்கும் நடுவில் சரியாக பூஜ்ஜியத்தில் நிற்க வேண்டும். அந்த பூஜ்ஜியம் நகர்ந்தால் ஸ்பீக்கர் போயிற்று. கீழே சொல்லும் சோதனைகளில் பாதி அந்த பூஜ்ஜியத்தைக் காப்பதற்காகத்தான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது

முதல் செட்டுக்கு விலை உயர்ந்த, அரிதான மாடல் வேண்டாம். பின்பக்கத்தில் எத்தனை வோல்ட்டுக்கானது என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். ஜப்பானில் உள்நாட்டு விற்பனைக்கு வந்தவை 100 வோல்ட்டுக்கானவை. நம் பிளக்கில் நேராகச் செருகினால் அன்றோடு முடிந்தது. ஏற்றுமதிக்கு வந்த சிலவற்றில் வோல்டேஜ் செலக்டர் இருக்கும். அதில் 220, 240 இரண்டும் இருந்தால் 240இல் வையுங்கள்.

மூடியைத் திறந்து பார்க்க விற்பவர் அனுமதித்தால் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மர் கருகிய வாடை வந்தால் விட்டுவிடுங்கள். தூசி, துரு, கரகரக்கும் வால்யூம், எரியாத பல்பு, ஒரு சேனல் மட்டும் பேசுவது எல்லாம் சரிசெய்யக்கூடியவை. யாரோ உள்ளே இருந்ததையெல்லாம் பிடுங்கிவிட்டுப் புது கிட் போர்டு பொருத்திய செட்டை நான் எடுக்க மாட்டேன். வெளியே பழைய முகம் இருந்தாலும், மீட்பதற்கு உள்ளே எதுவும் மிச்சமில்லை.

தேவையான கருவிகள்

நல்ல டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று. மில்லிவோல்ட் அளவை நம்பிக்கையாகக் காட்ட வேண்டும், டயோடு சோதனை இருக்க வேண்டும். 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும், வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் வகை என்றால் இன்னும் நல்லது. 60/40 ஈயம், ஈயம் உறிஞ்சும் பம்ப், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், எலெக்ட்ரானிக்ஸுக்கென்றே விற்கும் கான்டாக்ட் கிளீனர். கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்பிரேயை வால்யூமுக்குள் அடிக்கக் கூடாது. அது கார்பன் பாதையில் எண்ணெய் போலத் தங்கி, பிறகு தூசியைப் பிடித்துக்கொள்ளும். 8 ஓம், 100 வாட் வயர்வௌண்ட் ரெசிஸ்டர் இரண்டு. இவற்றை ஒரு கனமான அலுமினியத் தகட்டில் திருகி வையுங்கள், ஸ்பீக்கருக்குப் பதிலாக இவைதான் முதலில் சூட்டைத் தாங்கப் போகின்றன.

எல்லாவற்றையும்விட முக்கியமானது சீரிஸ் பல்பு போர்டு. ஒரு ஹோல்டர், ஒரு பிளக் சாக்கெட், ஒரு சுவிட்ச். ஃபேஸ் (லைவ்) கம்பி பல்பு வழியாகப் போய்த்தான் சாக்கெட்டுக்கு வர வேண்டும். மின்வேலை தெரிந்த எவரும் பத்து நிமிடத்தில் கட்டித் தருவார். பழைய 60 அல்லது 100 வாட் குண்டு பல்புதான் இதற்குச் சரி, எல்இடி பல்பு உதவாது. குண்டு பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது மின்தடை மிகக் குறைவு, எரியத் தொடங்கினால் பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடும். 100 வாட் பல்பு முழுதாக எரியும்போது சுமார் 530 ஓம். ஆம்ப்ளிஃபையருக்குள் ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்து மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும், டிரான்ஸ்ஃபார்மர் பிழைக்கும். ஆனால் பல்பு போர்டு உங்களை ஷாக்கிலிருந்து காப்பாற்றாது. வீட்டில் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சர்வீஸ் மேனுவல் இல்லாமல் தொடங்காதீர்கள். ஹைஃபை என்ஜின் தளத்தில் பெரும்பாலான பழைய மாடல்களின் மேனுவல்கள் கிடைக்கும். சர்க்யூட் படம், எந்த இடத்தில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும், பயஸ் (பாட்டில்லாதபோது அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் ஓட வேண்டிய சிறு மின்னோட்டம்) எவ்வளவு என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

முதல் படி: பிளக் இல்லாமல் பார்ப்பது

பிளக்கைக் கழற்றிய பிறகும், சப்ளையைச் சீராக்கும் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் இருக்கும். 220 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனையிலும் காப்பிட்ட கிளிப் வயர் பொருத்தி, ஒவ்வொரு கெப்பாசிட்டருக்கும் குறுக்கே கால் நிமிடம் பிடியுங்கள். பிறகு மீட்டரில் பாருங்கள், ஒரு வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். ஸ்குரூ டிரைவரை வைத்துப் பொறி பறக்க ஷார்ட் செய்யும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அது கெப்பாசிட்டருக்கும் நல்லதல்ல, உங்கள் கண்ணுக்கும் நல்லதல்ல.

அடுத்து படம் எடுங்கள். ஒவ்வொரு போர்டையும், ஒவ்வொரு கனெக்டரையும், கம்பியின் நிறம் தெரியும்படி. பிறகு மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, விளக்கை அருகில் வைத்து நிதானமாகப் பாருங்கள். மேல் பக்கம் புடைத்த கெப்பாசிட்டர், அடியில் கசிந்த ஈரம், கருத்த ரெசிஸ்டர், ஈயத்தில் வட்டமாக விரிசல் விட்ட கால்கள். அந்தக் கால ஜப்பானிய செட்டுகளில் பெரிய பாகங்கள் அசையாமல் இருக்க மஞ்சள் பசை வைத்திருப்பார்கள். வருடங்கள் போகப்போக அது பழுப்பாகி, மின்சாரத்தைக் கடத்தவும் செம்பை அரிக்கவும் தொடங்கும். பழுப்பான பசையைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். அதன் அடியில் கிடக்கும் ரெசிஸ்டர், டயோடுகளின் கால்கள் அரிக்கப்பட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். காரணம் புரியாத பல கோளாறுகளுக்கு இந்தப் பசைதான் வேர்.

இரண்டாம் படி: பிளக் இல்லாமல் அளப்பது

பவர் சுவிட்சை ஆன் நிலையில் வைத்து, பிளக்கின் இரண்டு பின்களுக்கு நடுவில் ஓம் பாருங்கள். சில ஓம் முதல் சில பத்து ஓம் வரை காட்டினால் டிரான்ஸ்ஃபார்மர் உயிரோடு இருக்கிறது. எதுவும் காட்டாவிட்டால் ஃபியூஸ், சுவிட்ச், மெயின்ஸ் வயர் என்று வரிசையாகப் பாருங்கள். அந்த இரண்டு பின்களுக்கும் இரும்புச் சேஸிஸுக்கும் நடுவில் தொடர்பே இருக்கக் கூடாது. அங்கே பீப் அடித்தால் அந்தச் செட்டை எந்தக் காரணத்துக்காகவும் பிளக்கில் போடக் கூடாது.

ஃபியூஸ் போயிருந்தால் அதே மதிப்பு, அதே வகையில் போடுங்கள். பெரிய ஃபியூஸோ ஒற்றைக் கம்பியோ சுற்றி வைத்திருந்தால், முன்பு யாரோ ஒருவர் கோளாறைத் தேடாமல் தப்பித்திருக்கிறார் என்று பொருள். அந்தக் கோளாறு இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

இனி அவுட்புட் டிரான்சிஸ்டர்கள். ஹீட் சிங்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகட்டில்) திருகிய பெரியவை. டிரான்சிஸ்டரின் மூன்று முனைகள் பேஸ், கலெக்டர், எமிட்டர். 2என்3055 மாதிரி உலோகத் தொப்பி வகையாக இருந்தால் அந்த உலோக உடம்பே கலெக்டர்தான். மீட்டரை டயோடு சோதனையில் வைத்து கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவில் பாருங்கள். மீட்டர் முனைகளை மாற்றி வைத்தும் பாருங்கள். பூஜ்ஜியம் காட்டிப் பீப் அடித்தால் அது ஷார்ட். பேஸிலிருந்து எமிட்டருக்கும் கலெக்டருக்கும் ஒரு திசையில் 0.5 முதல் 0.7 வோல்ட் காட்ட வேண்டும். ஒரு சேனல் நன்றாக இருந்தால் அதை அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்றதை ஒப்பிடுங்கள். ஸ்டீரியோவில் இது பெரிய வசதி. சரியான பதில் பக்கத்திலேயே இருக்கிறது.

ஷார்ட்டான அவுட்புட் டிரான்சிஸ்டர் தனியாகப் போவது அரிது. அதோடு வெள்ளை சிமென்ட் எமிட்டர் ரெசிஸ்டர், டிரைவர் டிரான்சிஸ்டர், பேஸில் உள்ள சிறு ரெசிஸ்டர் எல்லாவற்றையும் அளந்து பாருங்கள். ஒன்றை விட்டுவிட்டால் புதிதாகப் போட்டதும் அடுத்த நொடியில் போய்விடும். மாற்றும்போது மைக்கா தகடும் தெர்மல் பேஸ்ட்டும் வைத்து, திருகிய பிறகு உடம்புக்கும் ஹீட் சிங்குக்கும் தொடர்பு இல்லை என்று மீட்டரில் உறுதிசெய்யுங்கள்.

சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது. ரெசிஸ்டர், கனெக்டர், ஃபியூஸ், வயர் எல்லாம் அங்கேயே வாங்கலாம். பவர் டிரான்சிஸ்டர் மட்டும் கவனம். 2என்3055, 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 போன்றவற்றில் போலிகள் உலகம் முழுக்கப் புழங்குகின்றன. மேலே அச்சு சரியாக இருக்கும், உள்ளே சிலிக்கன் துண்டு கடுகளவு இருக்கும். குறைந்த சத்தத்தில் பாடும், கூட்டினால் வெடிக்கும். இவற்றை மௌசர், டிஜிகீ, எலிமென்ட்14 போன்ற விநியோகஸ்தர்களிடம் வாங்குவது செலவானாலும் நிம்மதி.

மூன்றாம் படி: சீரிஸ் பல்பு வழியாக எழுப்புவது

ஸ்பீக்கர் எதுவும் வேண்டாம், இன்புட்டும் வேண்டாம். வால்யூம் பூஜ்ஜியத்தில். பல்பு போர்டில் செருகி, ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு ஆன் செய்யுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து ஓரிரு நொடியில் மங்கினால் நல்லது. ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் நிரம்புகின்றன என்று அர்த்தம். மங்காமல் பிரகாசமாகவே நின்றால் உடனே அணைத்துவிட்டு ஷார்ட்டைத் தேடுங்கள். ரெக்டிஃபையர் டயோடு, அவுட்புட் டிரான்சிஸ்டர், ஃபில்டர் கெப்பாசிட்டர் என்ற வரிசையில் பாருங்கள்.

மங்கிய பிறகு பிளஸ், மைனஸ் சப்ளைகளை அளங்கள். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். பல்பு வழியாக வருவதால் மேனுவலில் உள்ளதைவிடக் குறைவாகத்தான் காட்டும். ஸ்பீக்கர் ரிலே, அதாவது ஸ்பீக்கரை இணைத்துத் துண்டிக்கும் மின்சுவிட்ச், டக்கென்று விழாமலும் (இணையாமலும்) போகலாம், அதைக் கோளாறாக எண்ண வேண்டாம்.

இப்போது ஸ்பீக்கர் முனையில் டிசி வோல்டேஜ், அதாவது டிசி ஆஃப்செட். ரிலே விழாத செட்டில் ரிலேயின் உள்பக்க, அதாவது ஆம்ப்ளிஃபையர் பக்கக் காலில் அளக்க வேண்டும். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் அருமை, 100 வரை பொறுக்கலாம். அதற்கு மேல் போனால் முதல் கட்ட டிரான்சிஸ்டர் ஜோடியையும் அதைச் சுற்றிய பாகங்களையும் பார்க்க வேண்டும். 35 வோல்ட் சப்ளை முழுதாக அங்கே வந்து நின்றால், 6 ஓம் உள்ள ஸ்பீக்கர் காயிலில் சுமார் 200 வாட் வெப்பம் இறங்கும். காயில் நொடிகளில் கருகும். ஸ்பீக்கரை ஏன் இவ்வளவு நேரம் தள்ளி வைக்கிறோம் என்பது இப்போது புரியும்.

நான்காம் படி: சுத்தம்

சத்தமே வரவில்லை என்று குப்பைக்குப் போகும் செட்டுகளில் பல, வெறும் அழுக்குச் சுவிட்சால் ஊமையானவை. டேப் மானிட்டர் பட்டன் அமுங்கியிருந்தால் பாட்டு வராது. ஸ்பீக்கர் ஏ, பி செலக்டர் தவறான இடத்தில் இருந்தாலும் வராது. 1978இல் வந்த என்ஏடி 3020 போன்றவற்றில் பின்பக்கம் பிரீ அவுட், மெயின் இன் இரண்டையும் இணைக்கும் சின்ன உலோகக் கம்பிகள் உண்டு. அவை தொலைந்திருந்தால் ஒன்றுமே கேட்காது. போர்டில் கை வைப்பதற்கு முன் இந்த மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

ஒவ்வொரு வால்யூம், டோன் கன்ட்ரோலுக்குள்ளும் கிளீனரைச் சிறிது அடித்து, முழுச் சுற்றாக முப்பது நாற்பது தடவை திருப்புங்கள். சுவிட்சுகளையும் அப்படியே. ரிலே பழசாகி, மெதுவான சத்தத்தில் ஒரு பக்கம் விட்டுவிட்டுக் கேட்டால், முனையை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். புது ரிலே போடுங்கள். முகப்பில் இருக்கும் எழுத்துகள் மேல் ஆல்கஹால் படக் கூடாது, அழிந்துவிடும். லேசான சோப்புத் தண்ணீர் போதும்.

ஐந்தாம் படி: கெப்பாசிட்டர்கள்

எல்லா கெப்பாசிட்டரையும் ஒரே மூச்சில் மாற்றிவிட வேண்டும் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஐம்பது பாகங்களை ஒரே நாளில் மாற்றி, அதில் ஒன்று தலைகீழாகப் போய்விட்டால், கோளாறு பழையதா நீங்கள் போட்டதா என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஓடாத செட்டை முதலில் ஓட வையுங்கள். பிறகு ஒரு பகுதியை மாற்றி, ஆன் செய்து, அளந்து, அடுத்ததற்குப் போங்கள்.

முக்கியமாக எலெக்ட்ரோலிட்டிக் வகைதான் மூப்படையும். படல வகை, செராமிக் வகையைப் பெரும்பாலும் தொட வேண்டாம். ஆனால் மெயின்ஸ் குறுக்கே இருக்கும் பழைய காகித வகை கெப்பாசிட்டர், உடம்பில் விரிசல் தெரிந்தால், புகை கக்கி வெடிக்கக் காத்திருக்கிறது. அதை 275 வோல்ட் ஏசி, எக்ஸ்2 வகையால் மாற்றுங்கள். மற்ற இடங்களில் அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி வகை. நிச்சிகான், பானசோனிக், ரூபிகான் நல்லவை. சில போர்டுகளில் பிளஸ் குறித்திருக்கும், சிலவற்றில் மைனஸ் பக்கம் நிழலிட்டிருக்கும். பழையதைக் கழற்றும்போதே திசையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரைச்சலுக்குக் காரணம் கெப்பாசிட்டராக இல்லாமலும் இருக்கலாம். 2எஸ்சி458, 2எஸ்ஏ726 போன்ற சிறு டிரான்சிஸ்டர்கள் வயதானால் மழைத் தூறல் போல வெடித்து வெடித்துச் சத்தம் தருவதற்குப் பேர்போனவை. கால்கள் கறுத்திருக்கும். கேஎஸ்சி1845, கேஎஸ்ஏ992 போன்றவற்றைப் பலர் மாற்றாகப் போடுகிறார்கள். கால்களின் வரிசை ஒன்றா என்று டேட்டா ஷீட்டில் பார்க்காமல் போடாதீர்கள்.

உர்ரென்ற ஹம்மிங் இருந்தால் வால்யூமைத் திருப்பிப் பாருங்கள். வால்யூமோடு கூடிக் குறைந்தால் கோளாறு அதற்கு முன்னால், அதாவது இன்புட் வயரிலோ போனோ (ரெக்கார்டு பிளேயருக்கான) பகுதியிலோ. வால்யூமை மதிக்காமல் ஒரே அளவில் இருந்தால் அதற்குப் பின்னால். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஃபில்டர் கெப்பாசிட்டர் சோர்ந்தால் வரும் ஹம் 100 ஹெர்ட்ஸ், கொஞ்சம் கூர்மையாகக் கேட்கும். எர்த் லூப்பும் ஷீல்டு விட்ட வயரும் தருவது பெரும்பாலும் 50. இரண்டு டோனையும் ஃபோன் செயலியில் ஒருமுறை ஹெட்ஃபோனில் கேட்டுப் பழகினால் காதே சொல்லிவிடும்.

ஆறாம் படி: பயஸ்

பாட்டில்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் சிறிதளவு மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். குறைந்தால் மெல்லிய சத்தத்தில் குரல் சொரசொரப்பாகும், கூடினால் ஹீட் சிங்க் கொதிக்கும். எமிட்டர் ரெசிஸ்டர் குறுக்கே மில்லிவோல்ட் அளந்து ஓம் விதிப்படி கணக்கிடலாம். 0.33 ஓமில் 10 மில்லிவோல்ட் என்றால் ஏறத்தாழ 30 மில்லிஆம்பியர். உங்கள் மாடலுக்கு எவ்வளவு என்பதை மேனுவலில் இருந்து மட்டும் எடுங்கள்.

பயஸைத் திருகிச் சரிசெய்ய போர்டில் இருக்கும் திறந்த வகைச் சின்ன டிரிம்மரை நம்பாதீர்கள். அதன் நடுமுள் தொடர்பு விட்டால், சில சர்க்யூட்டுகளில் பயஸ் உச்சத்துக்குப் போய் அவுட்புட் டிரான்சிஸ்டர்களை எரித்துவிடும். மூடிய வகை புது டிரிம்மர் சில பத்து ரூபாய்தான். மாற்றிய பிறகு குறைந்த பயஸில் தொடங்கி, பல்பு போர்டில் கோளாறில்லை என்று பார்த்து, பிறகு நேரடி மெயின்ஸில் மெதுவாக ஏற்றுங்கள். இருபது நிமிடம் மூடியோடு ஓடவிட்டு மறுபடி அளங்கள். சூடேறும்போது அளவு நகரும். கடைசி அளவு சூட்டில் எடுத்ததாக இருக்க வேண்டும்.

ஏழாம் படி: சுமை கொடுத்துச் சோதிப்பது

8 ஓம் ரெசிஸ்டர்களை ஸ்பீக்கர் முனைகளில் மாட்டுங்கள். ஃபோனில் சைன் டோன் செயலி ஒன்றில் 400 ஹெர்ட்ஸ் வைத்து ஆக்ஸ் இன்புட்டில் கொடுங்கள். 1000 ஹெர்ட்ஸ் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. விலை குறைந்த மீட்டர்கள் 50 ஹெர்ட்ஸுக்காக வடிவமைத்தவை, அதிர்வெண் கூடக்கூட ஏசி அளவில் தவறு காட்டும். ரெசிஸ்டரின் வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி 8ஆல் வகுத்தால் வாட். 20 வாட்டுக்கு 12.6 வோல்ட் வர வேண்டும்.

அலையின் உச்சி தட்டையாகும் இடம்தான் ஆம்ப்ளிஃபையரின் உண்மையான எல்லை. அதைப் பார்க்க ஆஸிலோஸ்கோப் வேண்டும். சின்ன யூஎஸ்பி வகையே போதும், ஆனால் புரோபின் கிரவுண்டை மாட்டும் முன் ஸ்பீக்கரின் கறுப்பு முனை உண்மையிலேயே கிரவுண்டுதானா என்று சர்க்யூட் படத்தில் பாருங்கள். அலை பூஜ்ஜியத்தைக் கடக்கும் இடத்தில் சின்னப் படிக்கட்டு தெரிந்தால் பயஸ் போதவில்லை. இரண்டு சேனலும் 5 வோல்ட், 5.3 வோல்ட் என்று இருந்தால் அரை டெசிபல் வித்தியாசம், கவலை இல்லை. பாதி பவரில் கால் மணி நேரம் ஓட்டி, டிரான்ஸ்ஃபார்மரும் ஹீட் சிங்கும் எவ்வளவு சூடாகின்றன என்று கவனியுங்கள். ரெசிஸ்டர்களில் கை வைக்காதீர்கள், தோல் வெந்துவிடும்.

இதையெல்லாம் தாண்டிய பிறகு, போனால் போகட்டும் என்ற வகை ஸ்பீக்கரில் இரண்டு மூன்று மாலைகள் பாடவிடுங்கள். உங்களுக்கு மனப்பாடமான பாட்டு வேண்டும், குரலும் ஒற்றை வாத்தியமும் தெளிவாகப் பிரிந்து நிற்கும் பதிவு வேண்டும். அப்புறம் நல்ல ஸ்பீக்கர். எடுத்த அளவுகளை, அதாவது இரு சேனல் டிசி ஆஃப்செட், பயஸ், சப்ளை வோல்ட், மாற்றிய பாகங்கள், தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அதே இடங்களில் மறுபடி அளந்து பாருங்கள். பயஸோ ஆஃப்செட்டோ கணிசமாக நகர்ந்திருந்தால், முதலில் அந்தச் சேனலின் டிரிம்மரையும் முதல் கட்ட ஜோடியையும் பாருங்கள்.